இரவில் பிடித்த மலம் காலையில் பிசிஆருக்கு ஆகுமா?

கேள்வி: நாலு வயது மகனுக்கு ஐந்து நாளாக வயிற்றுப்போக்கு. டாக்டர் மலத்தில் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) எழுதிக் கொடுத்தார். இரவு பத்து மணிக்குப் பிடித்து ஜன்னலோரம் வைத்திருந்து, காலையில் பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனோம். ‘இன்வாலிட்’ என்று ரிசல்ட். கிருமி இல்லை என்று அர்த்தமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: இல்லை. ‘நெகட்டிவ்’ வேறு, ‘இன்வாலிட்’ வேறு. சோதனை சரியாக ஓடியதா என்று பார்க்க, கிருமியோடு சம்பந்தமில்லாத ‘கண்ட்ரோல்’ ஒன்றையும் சேர்த்து ஓட்டுவார்கள். அதுவே தெரியாவிட்டால்தான் இன்வாலிட். மலத்திலுள்ள பித்த உப்பும் சில சர்க்கரைப் பொருள்களும் பிசிஆரின் என்சைமைத் தடுத்துவிடும். மறுபடி மாதிரி கொடுத்தே ஆகவேண்டும். ஒருவகையில் இது நல்லதுதான். கெட்டுப்போன மாதிரியில் பொய்யாக நெகட்டிவ் வந்திருந்தால் நம்பி விட்டிருப்பீர்கள்.

கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அது உயிரோடு வேண்டும், பிசிஆருக்குக் கிருமியின் மரபணு போதும். அதனால் எப்படி வைத்தாலும் பரவாயில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அது தவறு. மதுரைப் பக்கத்து வெயிலில் மலத்திலுள்ள மற்ற பாக்டீரியாக்கள் பெருகிக்கொண்டே போகும். ஷிகெல்லா மாதிரி மென்மையான கிருமி செத்து உடையும். வெளியே வந்த டிஎன்ஏவை மலத்திலுள்ள என்சைம்களே அரித்துவிடும். நோரோ வைரஸில் இருப்பது ஆர்என்ஏ. கூடு உடைந்தால் அது இன்னும் சீக்கிரம் சிதையும்.

இந்த முறை, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மாதிரி எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரும் தண்ணீரும் கலக்கக் கூடாது. டயப்பர் கட்டினால் உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள்; இல்லாவிட்டால் நீர்த்த மலத்தை டயப்பரே உறிஞ்சிவிடும். கெட்டியாக இருந்தால் கொட்டைப்பாக்கு அளவு, நீராக இருந்தால் 5 மில்லி போதும். டப்பாவை நிரப்பாதீர்கள், வாயு சேர்ந்து மூடி தெறிக்கும்.

2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேராது என்றால், உடனே இரட்டைப் பையில் கட்டி ஃப்ரிட்ஜில், 2 முதல் 8 டிகிரியில், உணவுக்குத் தள்ளி வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஃப்ரீசர் வேண்டாம்: உறைந்து உருகும்போது செல்கள் உடையும், அதே மாதிரியில் கல்ச்சர் கேட்டால் அதுவும் கெடும். பஸ்ஸில் வரும்போது ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டி. டப்பாவுக்கும் ஐஸுக்கும் நடுவே மடித்த துணி.

லேபில் முன்கூட்டியே ‘கேரி பிளேர்’ குழாய் (மாதிரியைக் கெடாமல் காக்கும் திரவம் உள்ளது) கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் இந்த அவசரம் இருக்காது. பல பிசிஆர் கிட்களுக்கு அதில் 4 நாள் வரை தாங்கும். குழாயில் போட்ட கோட்டுக்கு மேல் மலம் சேர்த்தால் அந்தத் திரவம் வேலை செய்யாது.

கேள்வி: புழு, அமீபா பார்க்க வாங்கிய ஃபார்மலின் டப்பாவிலேயே பிசிஆருக்கும் கொடுக்கலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: கூடாது. ஃபார்மலின் மைக்ராஸ்கோப்புக்கு நல்லது. பிசிஆருக்கோ டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்து, துண்டாக்கிவிடும். தனி டப்பா கேட்டு வாங்குங்கள்.