4294967295 என்ற எண்ணின் கணிதப் பண்புகள்

பெரிய முழு எண் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் கணிதப் பண்புகளை விளக்கும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் எடுத்துக்கொள்வது 4294967295, அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. இது 2-இன் 32ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவானது; கணினியில் 32 பிட்டுகளும் (0 அல்லது 1 என்ற இரும இலக்கங்கள்) 1 ஆக இருக்கும்போது கிடைக்கும் மதிப்பு என்பதால் நிரல் எழுதுவோருக்கு நன்கு பழக்கமானது. ஆனால் இதன் அழகெல்லாம் காரணிகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

காரணிகளைக் காணப் பள்ளியில் படித்த ஒரே முற்றொருமை போதும்: a² − 1 = (a − 1)(a + 1). இந்த எண் 65536-இன் வர்க்கத்தைவிட ஒன்று குறைவு என்பதால் 65535 × 65537 ஆகிறது. அவ்வாறே 65535 என்பது 255 × 257 ஆகவும், 255 என்பது 15 × 17 ஆகவும், 15 என்பது 3 × 5 ஆகவும் பிரிகின்றன. எஞ்சும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். 2, 4, 16, 256 என ஒவ்வொன்றும் முந்தையதன் வர்க்கமாக வரும் வரிசையில், ஒவ்வோர் எண்ணுடனும் 1 கூட்டினால் கிடைப்பவை, கணிதவியலாளர் ஃபெர்மாவின் பெயரால் ஃபெர்மா எண்கள் எனப்படுகின்றன; அவற்றில் முதல் ஐந்தும் இவையே. இவ்வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களாகவே இருக்கும் என்று ஃபெர்மா கருதினார். ஆனால், நம் எண்ணோடு 2 கூட்டினால் வரும் அடுத்த ஃபெர்மா எண்ணான 4294967297, 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்பதைக் கணிதவியலாளர் ஆய்லர் 1732-இல் காட்டினார். ஆறாவது ஃபெர்மா பகா எண் எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை.

1 முதல் 4294967295 வரையுள்ள எண்களில், இதனுடன் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்று பார்ப்போம். ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கினால் 2 × 4 × 16 × 256 × 65536, அதாவது சரியாக 2-இன் 31ஆம் அடுக்கு கிடைக்கிறது. ஓர் எண்ணுக்கு இவ்வாறு கிடைக்கும் எண்ணிக்கை 2-இன் அடுக்காக அமையும்போதுதான், அந்த எண்ணளவு பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பல்கோணத்தை (எல்லாப் பக்கங்களும் கோணங்களும் சமமான உருவத்தை) அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும். 17 பக்கங்களுக்கு இது இயலும் என்று கணிதவியலாளர் காஸ் 1796-இல் கண்டறிந்தார்; இந்த நிபந்தனை இன்றியமையாதது என்பதை வான்ட்செல் என்ற கணிதவியலாளர் 1837-இல் நிறுவினார். ஆகவே, இவ்வாறு வரையத்தக்கவையாக நாம் அறிந்த ஒற்றைப்படைப் பக்கப் பல்கோணங்களில் 4294967295 பக்கங்கள் கொண்டதே மிகப் பெரியது. (வரைந்து பார்க்க முயல வேண்டாம்; 65537 பக்கங்களுக்கான வழிமுறையை எழுதி முடிக்கவே ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியருக்குப் பத்தாண்டுகள் பிடித்தன.)

இந்த எண்ணுக்கு 1-ஐயும் சேர்த்து 32 வகுத்திகள் உள்ளன. பாஸ்கல் முக்கோணத்தில் (ஓரங்களில் 1-களும், உள்ளே ஒவ்வோர் இடத்திலும் மேலுள்ள இரு எண்களின் கூடுதலும் வரும் அடுக்கில்) ஒற்றைப்படை எண்களுக்கு 1, இரட்டைப்படை எண்களுக்கு 0 என்று எழுதி, ஒவ்வொரு வரிசையையும் இரும எண்ணாகப் படித்தால், 1, 11, 101, 1111, 10001 என்பவை 1, 3, 5, 15, 17 ஆகின்றன. முதல் 32 வரிசைகளும் அந்த 32 வகுத்திகளையே ஏறுவரிசையில் தருகின்றன; முப்பத்திரண்டாம் வரிசை முழுவதும் 1-களாக அமைந்து நம் எண்ணையே தருகிறது. அடுத்த வரிசையில் வருவது ஆய்லர் உடைத்த 4294967297; அத்தனை பக்கங்கள் கொண்ட பல்கோணத்தை அளவுகோல், கவராயத்தால் வரைய முடியாது.