கார்பனைல் ஆக்ஸிஜனின் முயல் காதுகள்: கேள்வி பதில்

பெங்களூருவில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வேதியியல் சொல்லித் தருகிறேன். இந்த வாரம் கார்பனைல் (கார்பனும் ஆக்ஸிஜனும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த தொகுதி) பற்றி வந்த கேள்விகளுக்கு எழுத்தில் பதில்.

பி.யு. இரண்டாம் ஆண்டு மாணவி, அல்சூர்: ஃபார்மால்டிஹைடில் ஆக்ஸிஜன் எஸ்பி2 (ஒரு எஸ், இரண்டு பி ஆர்பிட்டால்கள் கலந்தது), அதன் இரண்டு தனி ஜோடிகளும் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகள்) முயல் காது மாதிரி ஒரே சாயலில் இருக்கும் என்று கைடில் படம் இருக்கிறது. ட்யூஷன் அண்ணா அது தப்பு என்கிறார். யாரை நம்புவது சார்?

பரீட்சை அன்றைக்குக் கைடை நம்பும்மா, மற்ற நாளில் அண்ணாவை.

கார்பனில் தகராறு இல்லை. மூன்று சிக்மா பிணைப்பு (இரு அணுக்களுக்கு நடுவே நேராக அமைவது), எல்லாம் ஒரே தளத்தில், கோணங்கள் 120 பாகையை ஒட்டி. எஸ்பி2 கச்சிதமாகப் பொருந்தும். ஆக்ஸிஜன் பிடித்திருப்பதோ ஒரே ஒரு கார்பனை. அளந்து பார்க்க அங்கே கோணமே இல்லை. இனக்கலப்பு, அதாவது ஆர்பிட்டால்கள் கலந்த விதம், என்ன என்று கோணத்தை வைத்துச் சொல்ல முடியாது.

வேறு வழி உண்டு. ஒளியை அடித்து எலக்ட்ரானைப் பிடுங்கி, எவ்வளவு ஆற்றல் கேட்கிறது என்று பார்ப்பது. ஃபார்மால்டிஹைடில் முதல் எலக்ட்ரான் சுமார் 10.9 எலக்ட்ரான் வோல்ட்டில் வந்துவிடும். அது மூலக்கூறின் தளத்திலேயே கிடக்கும் பி ஆர்பிட்டாலில் இருந்த தனி ஜோடி. அடுத்து 14.5இல், தளத்துக்கு மேலும் கீழும் பரவிய பை பிணைப்பு. இன்னொரு தனி ஜோடி, எஸ் குணம் தூக்கலாக உள்ளது, 16க்குப் பக்கத்தில்தான் அசையும். நெரிசலான பஸ் என்று வைத்துக்கொள். ஒருத்தர் படிக்கட்டில் நிற்கிறார், மற்றவர் உள்ளே ஜன்னல் சீட்டில்.

அண்ணாவிடமும் ஒன்று சொல்: இரண்டு காதுகளையும் கூட்டி ஒன்று, கழித்து ஒன்று என்று எழுதினால் இதே இரண்டு ஆர்பிட்டால்கள் கிடைக்கும். மொத்த எலக்ட்ரான் அடர்த்தி மாறாது. ஆகவே படம் பொய்யில்லை. ‘அப்படியானால் ஆற்றலும் ஒன்று’ என்று முடிவு கட்டுவதுதான் பொய்.

மருந்துக் கம்பெனி லேப் ஊழியர், பீன்யா: அசிட்டோன் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாதது. ஆனால் அதில் குவெட்டை (கரைசலை ஊற்றி அளக்கும் சின்னக் குப்பி) கழுவி அவசரத்தில் வைத்தால் யுவியில் (புற ஊதா அளவீட்டில்) 270, 280 பக்கம் ஒரு மேடு வருகிறதே?

அது அந்தப் படிக்கட்டு ஆசாமிதான். தனி ஜோடியிலிருந்து காலியான பை ஸ்டாருக்கு (பை பிணைப்பின் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால்) தாவுகிறார். ஹெக்சேனில் 279 நானோமீட்டர். தண்ணீரில் ஹைட்ரஜன் பிணைப்பு ஜோடியை இழுத்துப் பிடிப்பதால் 265க்கு நகரும். இரண்டு ஆர்பிட்டால்களும் ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதால் தாவல் பலவீனம், மோலார் உறிஞ்சல் (1 மோலார் கரைசல் 1 செ.மீ. தடிமனில் உறிஞ்சுவது) 15 அளவுதான். ஆனாலும் கணக்குப் போடுங்கள்: 3 மில்லி குவெட்டில் 15 மைக்ரோலிட்டர் அசிட்டோன் தங்கினாலே உறிஞ்சல் 1 வந்துவிடும். கடைசியாக மெத்தனாலில் அலசி, நன்றாக உலர்த்திவிட்டு வையுங்கள்.

பி.எஸ்ஸி. மாணவர், சிவாஜி நகர்: அமைடு நைட்ரஜனுக்கு மூன்று பிணைப்பு, ஒரு ஜோடி. நாலு என்று எண்ணி எஸ்பி3 எழுதினேன். தப்பு போட்டுவிட்டார்கள்.

போட்டது சரிதான் தம்பி. எண்ணுவதற்கு முன் பக்கத்து வீட்டைப் பார்க்க வேண்டும். அமைடில் நைட்ரஜனுக்குப் பக்கத்திலேயே கார்பனைல் இருப்பதால் ஜோடி அங்கே சாய்ந்துவிடும். சாய வசதியாக அது பி ஆர்பிட்டாலில் இருக்க, நைட்ரஜன் எஸ்பி2 ஆகித் தட்டையாகிறது. சாதாரண சி–என் பிணைப்பு 1.47 ஆங்ஸ்ட்ராம், அமைடில் சுமார் 1.33. புரதச் சங்கிலியின் கண்ணிகளும் அமைடுதான்; இந்தத் தட்டைத்தனத்தை நம்பித்தான் விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில், அந்தச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்ற வரைபடத்தையே போட்டது. பின்னால் அவர் நம் ஊர் ஐஐஎஸ்ஸிக்கு (இந்திய அறிவியல் கழகம்) வந்துவிட்டார்.

அதே மாணவர்: அப்போ அசிட்டிக் அமிலத்தில் புரோட்டான் எந்த ஆக்ஸிஜனில் ஏறும்?

கார்பனைல் ஆக்ஸிஜனில். ஏறினால் மின்சுமையை இரண்டு ஆக்ஸிஜனும் பங்கு போட்டுக்கொள்ளும். ஓஎச்சில் ஏறினால் அந்த வசதி போய்விடும்.