லைசன்ஸ் கிடைத்துவிட்டது, எந்த லொறியில் ஏறுவது?

விசுவமடு அக்காவுக்கு,

மகனுக்குக் கனரக வாகன லைசன்ஸ் கிடைத்துவிட்டது என்று சொன்னபோது உங்கள் குரலில் சந்தோசத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது. மூன்று இடத்தில் இருந்து கேட்டு வந்திருக்கிறார்கள் என்றீர்கள். ஊரிலேயே மணலும் கிரவலும் அடிக்கும் டிப்பர் ஒன்று. கிளிநொச்சியில் இருந்து கடைகளுக்குச் சாமான் போடும் ஏஜென்சி லொறி ஒன்று. வவுனியாவில் இருந்து இரவோடிரவாகக் கொழும்புக்குப் போகும் மரக்கறி லொறி ஒன்று. டிப்பர் என்றால் பிள்ளை ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துவிடுவான், காசும் கூட, அதனால் அதுவே நல்லது என்று உங்களுக்குப் படுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. காரணத்தை எழுதுகிறேன், தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பரீட்சையில் தம்பி ஓட்டிக் காட்டியது வெறும் லொறி. பாரம் ஏற்றிய லொறியின் குணம் வேறு. பிரேக் பிடித்த பிறகு நிற்கிற தூரம் மாறும், வளைவில் சாய்கிற விதம் மாறும். தறப்பாள் இழுத்துக் கட்டுவது, கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு ஒடுக்கமான ஒழுங்கைக்குள் பின்னுக்கு எடுப்பது, மாரி காலத்தில் வயல் கரையில் புதையாமல் வெளியே வருவது, இதெல்லாம் பழகப் பழகத்தான் வரும். முதல் ஆறு மாதம் பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுக்கப் போவது யார்? அந்த ஆறு மாதத்தில் ஒரு பிழை நடந்தால் அது யார் தலையில் விழும்? சம்பளத்தைக் கேட்க முதல் இந்த இரண்டையும் கேட்க வேண்டும்.

டிப்பரை எடுங்கள். பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு என்றுதான் காசு. நடைக் கணக்கு என்றாலே அவசரம். ஒரு நாளைக்கு நாலு நடை ஓடுகிறவனைப் பார்த்து மற்றவனும் நாலு ஓடப் பார்ப்பான், புதிய பெடியன் ஐந்து ஓடப் பார்ப்பான். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் அவசரப்படும் டிப்பர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள், நான் சொல்லத் தேவையில்லை.

அதைவிடப் பெரிய விசயம் மணல் பெர்மிட். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி மணல் அகழவும் அனுமதி வேண்டும், கொண்டுபோகவும் அனுமதி வேண்டும். அதைக் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம். நேற்றைய பெர்மிட்டைக் காட்டி இன்றைக்கு ஓடச் சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள். வேறு லொறியின் பெர்மிட்டைக் கையில் தந்து, ஒன்றும் நடக்காது தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். பொலிஸ் மறிக்கும்போது அவர் வீட்டில் நித்திரையில் இருப்பார். ஸ்டியரிங்கில் இருப்பவன் உங்கள் மகன். நீதிமன்றத்துக்குப் போவதும் அவன் பெயர்தான். எல்லா டிப்பர்காரரும் கள்ள மண் ஏற்றுகிறார்கள் என்று சொன்னால் அது அநியாயம், நேர்மையாகச் செய்பவர்கள் பலர். ஆனால் வேலைக்குப் புதிசான ஒருவனுக்கு முதலாளியை எதிர்த்து, இந்தப் பெர்மிட் சரியில்லை, நான் எடுக்கமாட்டேன் என்று சொல்ல வாய் வராது. இரண்டு வருசம் அனுபவம் உள்ளவனுக்கு வரும். இன்னொன்று, கார்த்திகை மார்கழி மழையில் மண் வேலை படுத்துவிடும். நடை இல்லாவிட்டால் காசும் இல்லை.

இரவு லொறி என்றதும் உங்களுக்கு நெஞ்சு பதறுகிறது, விளங்குகிறது. ஏ9 வீதியில் வவுனியா தாண்டினால் ராத்திரியில் மாடு நடு வீதியில் படுத்திருக்கும். கறுத்த மாடு, கறுத்த தார் வீதி, எதிரில் வரும் பஸ்சின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். அறுவடைக் காலத்தில் வீதியோரமெல்லாம் நெல் காயும். தெற்கே போனால் யானை. பழகிய சாரதிகளே வேகத்தைக் குறைக்கிற வீதி இது. என்றாலும் இந்த வேலையை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். லொறியில் இரண்டு சாரதிகள் போவார்கள், தம்பி இரண்டாவது ஆள், தம்புள்ள வரைக்கும் மூத்தவர் ஓட்டுவார், விடிந்த பிறகு தம்பி எடுப்பான் என்றால் அதைப்போல ஒரு பள்ளிக்கூடம் கிடையாது. கிளீனர் ஒருவனை மட்டும் கொடுத்துத் தனியே அனுப்புகிறார்கள் என்றால் வேண்டாம். காசு எவ்வளவு தந்தாலும் வேண்டாம்.

ஏஜென்சி லொறி பார்ப்பதற்குச் சப்பென்று இருக்கும். பிஸ்கட்டும் சவர்க்காரமும் ஏற்றுவதற்கா இவ்வளவு காசு கட்டிப் படித்தேன் என்று தம்பி முகத்தைத் தூக்குவான். தூக்கட்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது கடைக்கு முன்னால் நிறுத்தி, பின்னுக்கு எடுத்து, திருப்பி வருகிறவனுக்கு ஆறு மாதத்தில் வாகனம் கைக்குள் வந்துவிடும். பகல் வேலை, மாதச் சம்பளம், சின்ன லொறி. அங்கேயும் ஒரு சில்லெடுப்பு உண்டு. சாமான் குறைந்தால் விற்பனைப் பெடியனிலும் சாரதியிலும் சேர்த்து வெட்டுவார்கள். ஏற்றும்போது எண்ணிக் கையெழுத்து வைப்பது யார் என்று முதல் நாளே தெளிவாகக் கேட்க வேண்டும்.

வெட்டு என்றதும் என் கூடப்பிறந்த தம்பியின் கதை ஞாபகம் வருகிறது. அவன் முதலில் ஓடிய இடத்தில் தேய்ந்த டயர் ஒன்று மாங்குளத்துக்குக் கிட்ட வெடித்தது. ஏற்கெனவே நூல் தெரிந்த டயர் அது. நீதான் பள்ளத்தில் விட்டாய் என்று சொல்லி எட்டு மாதம் சம்பளத்தில் கழித்தார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, கேட்க வழியும் இல்லை. அதனால் வேலைக்குச் சேருமுன் லொறியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டயர், பிரேக் லைட், முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதி, இன்சூரன்ஸ். இருக்கிற காயங்களைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. படம் எடுக்க விடாத முதலாளியும் உங்களுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டார்.

ஒரிஜினல் லைசன்ஸையோ அடையாள அட்டையையோ வாங்கி வைப்பவரிடம் போக வேண்டாம். லைசன்ஸ் ஓட்டுகிறவன் கையில் இருக்க வேண்டியது. போட்டோ கொப்பி கொடுத்தால் போதும். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

சரி, காசுக்கு வருவோம். முழுச் சம்பளத்தையும் கையிலேயே தருகிறேன், ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதிக்கு வெட்டமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அது சலுகைபோலக் கேட்கும். கணக்குப் பாருங்கள். 40,000 ரூபா சம்பளத்தில் சேமலாப நிதிக்குத் தம்பியிடம் 8 வீதம், 3,200 ரூபா கழியும். முதலாளி தன் பங்குக்கு 12 வீதம், 4,800 ரூபா போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், 1,200 ரூபா, அதுவும் அவருடைய காசு. ஆக வெட்டமாட்டேன் என்பவர் மாதம் 6,000 ரூபாவைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். நடைக் காசுக்கு ஓடினாலும், தற்காலிகம் என்றாலும் இந்த உரிமை உண்டு. தராவிட்டால் முறையிடத் தொழில் அலுவலகம் இருக்கிறது. ஈபிஎஃப் இலக்கமும் சம்பளச் சீட்டும் பிறகு வேலை மாறும்போது அனுபவத்துக்குச் சாட்சியாகவும் நிற்கும். கொள்கலன் லொறிக்குப் போனாலும், வெளிநாட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தக் கடதாசியைத்தான்.

முதலாளியைப் பற்றி முதலாளியிடம் கேட்டு அறிய முடியாது. அவரிடம் ஓடியவர்களிடம் கேட்க வேண்டும். அதற்கு முறிகண்டிதான் நல்ல இடம். பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்த லொறியும் போகாது. தம்பி ஒரு கச்சான் சரையை வாங்கிக்கொண்டு அரை மணித்தியாலம் அங்கே நிற்கட்டும். மூன்று பெயரையும் சொல்லி, சம்பளம் திகதிக்கு வருமா, பழுதானால் ஆள் அனுப்புவார்களா, தண்டம் யார் கட்டுவது என்று விசாரிக்கட்டும். கடைசியாக ஓடியவர் ஏன் விட்டுப் போனார் என்பதையும் மறக்காமல் கேட்கட்டும்.

திங்கட்கிழமை ஏஜென்சிக்காரரைச் சந்திக்கத் தம்பி தனியே போகட்டும் அக்கா, நீங்கள் கூடப் போக வேண்டாம். டிப்பர்காரர் உங்களுக்கு உறவு என்றபடியால் முகத்துக்கு நேரே மறுக்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். மாரி முடியட்டும், தைக்குப் பிறகு பார்ப்போம் என்று சொல்லி வையுங்கள்.