தீர்ப்பை எண்ணும் முன்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் நீதிமன்றங்களையும் வழக்கறிஞர் தொழிலையும் சமூக அறிவியல் கண்ணோடு ஆராய்வது பற்றியவை. ஆய்வு மாணவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள் என்பதால் செய்முறைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: நான் சமூகவியல் மாணவன், சட்டம் படித்தவன் அல்ல. சட்டப் புத்தகத்தில்தான் எல்லாம் எழுதியிருக்கிறதே, ஆராய என்ன மிச்சம்?

எழுதியபடி நடக்கிறதா என்பதுதான் மிச்சம். ஏட்டில் இருக்கும் சட்டம் வேறு, நடப்பில் இருக்கும் சட்டம் வேறு என்று ரோஸ்கோ பவுண்ட் 1910-லேயே எழுதினார். பிறகு ஸ்டூவர்ட் மெக்காலே என்ற ஒப்பந்தச் சட்டப் பேராசிரியர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துத் தொழில் நிறுவனத்தாரிடம் நேரில் பேசி, 1963-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சரக்கு வாங்குபவரும் விற்பவரும் பல நேரம் ஒப்பந்தத்தை முழுமையாக எழுதிக்கொள்வதே இல்லை. தகராறு வந்தாலும் ஷரத்தைப் புரட்டுவதில்லை, பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். நாளைக்கும் அதே ஆளோடு வியாபாரம் செய்தாக வேண்டுமே! ஒப்பந்தச் சட்டத்தை மட்டும் படித்தவருக்கு இது தெரிந்திருக்காது.

சட்டப் பட்டம் இல்லாதது தடை இல்லை. ஆனால் நடைமுறைச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். ‘தள்ளுபடி’ என்று பதிவேட்டில் இருந்தால் அது விசாரித்துத் தள்ளியதா, ஆள் வராததால் தள்ளியதா, மனுதாரரே வாபஸ் வாங்கியதா என்று பிரிக்கத் தெரிய வேண்டும். மூன்றையும் ‘தோல்வி’ என்ற ஒரே கட்டத்தில் போட்டால் உங்கள் முதல் அட்டவணையே பிழையாகிவிடும்.

கேள்வி: ஒரு வட்டாரத்தில் வழக்குகள் குறைந்தால் அங்கே தகராறு குறைந்துவிட்டது என்று எழுதலாமா?

கூடாது. நீதிமன்றத்துக்கு வருவது கடைசி வடிகட்டலுக்குப் பிறகு மிஞ்சுவது. தனக்கு நேர்ந்தது ஒரு தீங்கு என்று முதலில் ஒருவருக்கு உறைக்க வேண்டும். அதற்கு இன்னார் பொறுப்பு என்று தோன்ற வேண்டும். பிறகு அவரிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்டு மறுத்தால்தான் அது தகராறு. ஃபெல்ஸ்டைனர், ஏபெல், சராட் என்ற மூவரும் 1980-களின் தொடக்கத்தில் இந்தப் படிகளைத் தெளிவாக வகுத்தார்கள். அதே காலத்தில் அமெரிக்கக் குடும்பங்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பை வைத்து மில்லரும் சராட்டும் கண்டது இது: 1,000 மனக்குறைகளில் 718-ஐ எதிராளியிடம் கேட்கிறார்கள், 449 தகராறாகின்றன, 103 வழக்கறிஞரிடம் போகின்றன, 50 மட்டும் நீதிமன்றத்தில் தாக்கலாகின்றன.

ஆகவே தாக்கல் எண்ணிக்கை குறைந்தால் எந்தப் படியில் அடைத்துக்கொண்டது என்று தேடுங்கள். கட்டணம் ஏறியிருக்கலாம், நீதிமன்றம் தொலைவுக்கு மாறியிருக்கலாம், கேட்டும் பயனில்லை என்று மக்கள் கைவிட்டிருக்கலாம். இதைக் கேஸ் கட்டில் தேடினால் கிடைக்காது. வீடுகளில் போய்த்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது ‘சட்டப் பிரச்சினை உண்டா?’ என்று கேட்காதீர்கள், ‘இல்லை’ என்றே பதில் வரும். ‘கடந்த இரண்டு ஆண்டில் வீட்டு உரிமையாளரோடு, முதலாளியோடு, வாங்கிய பொருளைப் பற்றி ஏதாவது சிக்கல் வந்ததா?’ என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: முனைவர் பட்டத்துக்குத் தீர்ப்புகளை எடுத்து ஆராய்கிறேன். எத்தனை தீர்ப்பு எடுத்தால் போதும்?

எத்தனை என்பதைவிட எந்தப் பட்டியலிலிருந்து என்பது முக்கியம். சட்ட இதழ்களில் அச்சாகும் தீர்ப்புகளைப் புதிய சட்டப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து ஆசிரியர்கள் பொறுக்கியெடுக்கிறார்கள். அன்றாட நீதிமன்றத்தின் முகம் அதில் தெரியாது. இணையத்தில் ஏற்றிய தீர்ப்புகளையும் அப்படியே நம்ப வேண்டாம். ஏதாவது ஒரு மாதத்தின் பதிவேட்டு வரிசை எண்களை இணையத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். உங்கள் பட்டியல் தாக்கல் பதிவேடாகவே இருக்கட்டும்.

இனி எண்ணிக்கை. 95 சதவீத நம்பிக்கையில் (இப்படி நூறு முறை மாதிரி எடுத்தால் 95 முறை) விடை உண்மையிலிருந்து 5 சதவீதப் புள்ளி முன்பின் இருந்தால் போதும் என்றால் பெரிய தொகுதிக்கு 385. மொத்தமே 2,000 வழக்குகள் என்றால் 323 போதும். பலர் இங்கேயே நிறுத்திவிட்டு, பிறகு அந்த 323-ஐ ஐந்து நீதிமன்றங்களாகப் பிரித்து ஒப்பிடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் 65 வழக்குதான் மிஞ்சும், பிழை 12 புள்ளிவரை போகும். 40 சதவீதம், 48 சதவீதம் என்ற வித்தியாசத்துக்கு அப்போது பொருளே இல்லை. ஒப்பிடப்போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் தனித்தனியாக எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள்.

எடுக்க வேண்டிய வழக்கு எண்களைக் கணினியில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். ஆவண அறையில் கைக்கு எட்டும் அடுக்கிலிருந்து எடுத்தால் அது முறையான மாதிரி ஆகாது. குலுக்கலில் வந்த கட்டு கிடைக்காவிட்டால் பக்கத்துக் கட்டை எடுத்து நிரப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது, அதுதான் பெரிய கேடு. மேல்முறையீட்டுக்குப் போன வழக்கின் கட்டு மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டிருக்கும். அதாவது கடைசிவரை போராடிய வழக்குகள்தான் அடுக்கில் இல்லாமல் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு அடங்கிப்போன வழக்குகளை வைத்து எழுதினால் நீதிமன்றம் அமைதிப் பூங்காவாகத் தெரியும். கிடைக்காததைக் ‘கிடைக்கவில்லை’ என்றே பதிந்து, எத்தனை என்று ஆய்வேட்டில் சொல்லுங்கள்.

கட்டுகளிலிருந்து விவரங்களைக் குறிக்கும் படிவம் தயாரித்ததும் முதல் 30 கட்டுகளில் சோதித்துப் பாருங்கள். கேள்விகளில் பாதியை மாற்றியெழுத வேண்டி வரும், அது நல்லதற்கே. ஒவ்வொரு கட்டத்திலும் ‘இல்லை’ என்பதும் ‘பதிவில் இல்லை’ என்பதும் தனித்தனியாக இருக்க வேண்டும். வழக்கறிஞர் பெயர் காணோம் என்றால் வழக்கறிஞரே இல்லை என்று ஆகாது. மனுவிலிருந்து எடுக்க வேண்டிய விவரங்களை முதலில் நிரப்பிவிட்டு, முடிவைக் கடைசியில் படியுங்கள். முடிவு தெரிந்துவிட்டால் மனு பலமானதா பலவீனமானதா என்ற உங்கள் மதிப்பீடு அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

குறைந்தது பத்தில் ஒரு கட்டை இரண்டாவது ஆள் தனியாகப் படித்து நிரப்பட்டும். இருவரும் 90 சதவீதம் ஒத்துப்போனோம் என்று மகிழ வேண்டாம். ஒரு கணக்கைப் பாருங்கள்: 100 தீர்ப்புகளில் இருவரும் ஆளுக்கு 90-ஐ ‘காரணம் விளக்கப்படவில்லை’ என்றும் 10-ஐ ‘விளக்கப்பட்டது’ என்றும் குறிக்கிறார்கள். 85-ல் ‘இல்லை’ என்று ஒத்துப்போகிறார்கள், 5-ல் ‘ஆம்’ என்று. ஒற்றுமை 90 சதவீதம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் குறித்திருந்தாலே 82 வந்திருக்கும். தற்செயலைக் கழித்துச் சொல்லும் கப்பா அளவு இங்கே வெறும் 0.44. அரிதான ‘ஆம்’ எது என்பதில் இருவருக்கும் பாதி உடன்பாடுதான் என்று இதற்குப் பொருள். ஆட்களைக் குறை சொல்லாமல் விதியைத் திருத்துங்கள்: எத்தனை வரி இருந்தால் ‘விளக்கப்பட்டது’, சட்டப் பிரிவை மட்டும் குறிப்பிட்டால் சேருமா, சேராதா என்று எழுதி வையுங்கள்.

கேள்வி: ஒரு வழக்கு முடிய எத்தனை நாள் ஆகிறது என்று கண்டுபிடிக்க, இந்த ஆண்டு முடிந்த வழக்குகளின் சராசரியை எடுத்தால் போதுமா?

போதாது, திசையே மாறிப்போகும். ஒரு நீதிமன்றம் முனைந்து உழைத்து, பத்தாண்டாகக் கிடந்த 200 வழக்குகளை இந்த ஆண்டு முடிக்கிறது என்று வையுங்கள். முடிந்தவற்றின் சராசரி வயது எகிறும், உழைத்த நீதிமன்றம் மந்தமானதாகக் காட்சி தரும். பழையதைத் தொடாமல் எளிய வழக்குகளை மட்டும் முடித்த நீதிமன்றம் வேகமானதாகத் தெரியும்.

தாக்கல் தேதியை வைத்துத் தொடங்குங்கள். குறிப்பிட்ட ஓர் ஆண்டில் தாக்கலான எல்லா வழக்குகளையும் எடுத்து இன்றுவரை பின்தொடருங்கள். முடியாதவற்றைத் தூக்கியெறியாதீர்கள். ‘இன்றுவரை இத்தனை நாள், இன்னும் முடியவில்லை’ என்பதும் ஒரு தகவல். நோயாளிகளின் ஆயுளைக் கணிக்க கப்லான், மையர் இருவரும் 1958-ல் தந்த முறை இதற்கு அப்படியே பொருந்தும். சராசரியை விட்டு, பாதி வழக்குகள் முடிய எத்தனை நாள் ஆகிறது என்ற இடைநிலையைச் சொல்லுங்கள். இன்னொரு எச்சரிக்கை: வேறு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட வழக்குக்குப் புது எண் விழலாம். ஒரே வழக்கு, சீக்கிரம் ‘முடிந்த’ ஒன்றாகவும் புதிதாகத் ‘தொடங்கிய’ ஒன்றாகவும் எண்ணப்பட்டுவிடும்.

தாமதத்தின் காரணம் வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். குறிப்பேட்டில் பல நேரம் அடுத்த வாய்தா தேதி மட்டும்தான் இருக்கும். வழக்கு அழைக்கப்பட்ட நேரம், எத்தனை நிமிடம் நடந்தது, வாய்தா கேட்டது யார், சொன்ன காரணம், அடுத்த தேதி என ஐந்து கட்டம் போதும். முழு நாளும் இருங்கள். காலையும் மாலையும் ஒன்றல்ல.

கேள்வி: வக்கீல் வைத்தவர்கள் அதிகம் வெல்கிறார்கள் என்று என் தரவு காட்டுகிறது. வக்கீலால்தான் என்று சொல்லலாமா?

இன்னும் முடியாது. வசதி உள்ளவர்களும் வழக்கு பலமாக உள்ளவர்களும்தான் வக்கீலிடம் முதலில் போகிறார்கள். தேறாத வழக்கை வக்கீலும் எடுப்பதில்லை. இதைப் பிரிக்க நேர்மையான வழி குலுக்கல்தான். நியூயார்க்கின் வீட்டு வாடகை நீதிமன்றத்தில் ஏழை வாடகைதாரர்களுக்குக் குலுக்கல் முறையில் வக்கீல் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2001-ல் வெளியானது. வக்கீல் கிடைத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கும் கிடைக்காதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் எதிராகத் தீர்ப்பானது. ஆனால் 2012-ல் கிரைனர், பட்டநாயக் இருவரும் வேலையின்மை உதவித்தொகை மேல்முறையீடுகளில் அதே போலக் குலுக்கிப் பார்த்தபோது, சட்ட உதவி தர முன்வந்ததால் வெற்றி கூடியதாகத் தெரியவில்லை, வழக்கு இழுத்ததுதான் மிச்சம். அங்கே சோதித்தது உதவி ‘தருகிறோம்’ என்ற வாக்கைத்தான். அது கிடைக்காதவர்களில் பலர் வேறு இடத்தில் வக்கீல் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு முடிவும் மோதவில்லை. எந்த நீதிமன்றம், எந்த மக்கள், எதோடு எதை ஒப்பிட்டோம் என்பதுதான் வேறு.

உங்கள் தரவில் வென்றவர் யார் என்பதையும் கவனியுங்கள். வங்கி, காப்பீட்டு நிறுவனம், அரசுத் துறை போன்றவர்கள் திரும்பத் திரும்ப நீதிமன்றம் வருபவர்கள். வாழ்நாளில் ஒரு முறை வருபவரைவிட அவர்களுக்கு ஏன் கை ஓங்குகிறது என்று மார்க் கலான்டர் 1974-ல் விளக்கினார். தோற்கக்கூடிய வழக்கை அவர்கள் சமரசத்தில் முடித்து, சாதகமான முன்னுதாரணம் கிடைக்கும் வழக்கை மட்டும் தீர்ப்புவரை கொண்டுபோக முடியும். தீர்ப்புகளை மட்டும் எண்ணுபவருக்கு அந்தச் சமரசங்கள் கண்ணில் படாது.

கேள்வி: நீதிபதிகள் சாப்பாட்டுக்கு முன் கடுமையாகவும் பின் இளகியும் தீர்ப்பளிக்கிறார்களாமே?

2011-ல் வந்த ஆய்வு அது. இஸ்ரேலில் முன்விடுதலை கேட்ட கைதிகளின் மனுக்கள் பற்றிய 1,112 முடிவுகளைப் பார்த்தார்கள். அமர்வின் தொடக்கத்தில் சாதகமான முடிவு சுமார் 65 சதவீதம். இடைவேளை நெருங்க நெருங்க அது கிட்டத்தட்ட பூஜ்யம் வரை இறங்கி, இடைவேளைக்குப் பிறகு மறுபடி 65-க்கு ஏறியது. உலகமே பேசியது. ஆனால் அதே ஆண்டிலேயே வைன்ஷால்-மார்கல், ஷபார்ட் இருவரும் மனுக்களின் வரிசையே குலுக்கல் அல்ல என்று காட்டினார்கள். ஒரு சிறையின் மனுக்களை முடித்துவிட்டே இடைவேளை விடப் பார்க்கிறார்கள், வக்கீல் இல்லாத கைதிகள் பெரும்பாலும் கடைசியில் வருகிறார்கள். அவர்களுக்கு எப்போதுமே விடுதலை குறைவு. முதல் ஆய்வாளர்கள் இதற்கு மறுப்பு எழுதினார்கள். 2016-ல் கிளோக்னர் இன்னொன்றைச் சுட்டினார்: சாதகமான முடிவுக்கு அதிக நேரம் பிடிக்கிறது. நேரம் குறைவாக இருக்கும்போது நீளமான வழக்கைத் தொடங்காமல் விட்டாலே அந்தச் சரிவில் கணிசமான பகுதி வந்துவிடும். பசி ஒன்றும் செய்வதில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை, அந்த வரைபடம் பசியை நிரூபிக்கவில்லை. நீதிமன்ற வரிசையைத் தயாரிப்பவர் யார், எப்படி என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நேரத்தை வைத்து எதையும் எழுதாதீர்கள்.

கேள்வி: வழக்கறிஞர்களைப் பேட்டி காண்பது எப்படி? பாதிப் பேர் நேரமே தருவதில்லை.

தெரிந்தவர் வழியாகத் தெரிந்தவரைப் பிடித்துப் போனால் ஒரே வட்டத்துக்குள் சுற்றுவீர்கள். சிகாகோவில் 1975-ல் 777 வழக்கறிஞர்களை முறையான மாதிரியாக எடுத்துப் பேசிய ஹைன்ஸும் லவ்மனும், அந்தத் தொழில் நிறுவனங்களுக்கு உழைப்போர், தனி மனிதர்களுக்கு உழைப்போர் என இரண்டு உலகங்களாகப் பிளந்திருப்பதைக் கண்டார்கள். படித்த கல்லூரி, சமூகப் பின்னணி, மதிப்பு எல்லாமே இரண்டிலும் வேறு. ஒரு பக்கத்து ஆள் கைகாட்டும் நண்பர் அதே பக்கம்தான் இருப்பார்.

பதிவுப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுங்கள். அதில் இறந்தவர்களும் தொழிலை விட்டவர்களும் இருப்பார்கள், அவர்களை ‘மறுத்தவர்’ கணக்கில் சேர்க்காதீர்கள். நீதிமன்ற விடுமுறைக் காலத்தில் அணுகினால் நேரம் கிடைக்கும். ‘பொதுவாக எப்படிச் செய்வீர்கள்?’ என்றால் எப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்வார்கள். ‘கடைசியாக வந்த மூன்று கட்சிக்காரர்கள் எப்படி உங்களிடம் வந்தார்கள்? முதல் வரைவை எழுதியது யார்? கட்டணம் எந்தக் கட்டத்தில் பேசினீர்கள்?’ என்று கேளுங்கள். கட்சிக்காரர் பெயர் வாயில் வந்தாலும் குறித்துக்கொள்ள வேண்டாம், தொழில் ரகசியம் அவர்களைக் கட்டும்.

கேள்வி: தீர்ப்புகள் பொது ஆவணம்தானே, பெயர்களை அப்படியே போடலாமா?

வழக்காடியவர்களின் பெயர் உங்கள் வாதத்துக்குத் தேவைப்படாது. குறியீட்டு எண் கொடுத்து, எண்ணும் பெயரும் சேர்ந்த பட்டியலைத் தனிக் கோப்பில் பூட்டி வையுங்கள். விவாகரத்து, குழந்தைகள், பாலியல் குற்றம் தொடர்பானவற்றில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. ஊர், தொழில், தேதி மூன்றும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். நீதிபதிகளின் பெயரை வைத்து ஒப்பிடுவதானால் எந்த நாட்டுத் தரவு என்று பாருங்கள். பிரான்ஸ் 2019-ல் நீதிபதிகளின் அடையாளத்தைக் கொண்டு அவர்களின் தீர்ப்புப் போக்கை மதிப்பிடுவதையும் கணிப்பதையும் சட்டத்தால் தடை செய்தது, மீறினால் ஐந்தாண்டு வரை சிறை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைத் தரவு சேகரிக்கும் முன்பே வாங்கிவிடுங்கள். சேகரித்த பிறகு போனால் பல பல்கலைக்கழகங்களில் அந்தத் தரவைப் பயன்படுத்த விடமாட்டார்கள்.