செர்னோபில் மண்ணும் ஃபுகுஷிமா மூட்டைகளும்: வாசகர் கேள்வி பதில்

அணு உலை விபத்து நடந்த இடத்தில் கதிரியக்க மாசு எத்தனை காலம் தங்கும் என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். இடம் இல்லாததால் நான்கு வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். அது போதவில்லை என்று வந்த கடிதங்களே சொல்கின்றன. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் இதே விஷயம்தான்.

ஹிரோஷிமாவில் அணுகுண்டே விழுந்தது. அங்கே இன்று பெரிய நகரமே இருக்கிறது. செர்னோபிலில் மட்டும் ஏன் இன்னும் குடியேற முடியவில்லை?
கரூர் வாசகர்

பலரும் கேட்டிருக்கும் கேள்வி இது. ஹிரோஷிமா குண்டில் இருந்த யுரேனியம் சுமார் 64 கிலோ, அதிலும் பிளவுபட்டது ஒரு கிலோவுக்கும் குறைவு. குண்டு தரையில் விழுந்து வெடிக்கவும் இல்லை, ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அதனால் கதிரியக்கத் துகள்களில் பெரும்பகுதி சூடான காற்றோடு மேலே போய் உலகம் முழுக்கப் பரவி நீர்த்துவிட்டது. அன்று ஊரைக் கொன்றது வெப்பமும் அதிர்ச்சி அலையும், வெடித்த நொடியில் பாய்ந்த கதிர்வீச்சும்.

செர்னோபில் கதை வேறு. 1986 ஏப்ரல் 26 அதிகாலை வெடித்த நான்காம் உலைக்குள் ஏறக்குறைய 190 டன் எரிபொருள் இருந்தது. அதுவும் பல மாதங்கள் எரிந்து, யுரேனியம் பிளவுபடும்போது உண்டாகும் சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற கதிரியக்கத் தனிமங்கள் வயிறு நிறையச் சேர்ந்திருந்த எரிபொருள். அது தரைமட்டத்தில் திறந்துகொண்டு பத்து நாள் போல வெளியே கக்கிக்கொண்டே இருந்தது. கனமான துகள்கள் பக்கத்திலேயே விழுந்தன, லேசானவை காற்றோடு போய் எங்கே மழை பெய்ததோ அங்கே இறங்கின. அதனால்தான் உலையிலிருந்து 200 கிலோமீட்டர் தள்ளி, பெலாரஸின் மொகிலேவ் பகுதியிலும் ரஷ்யாவின் பிரியான்ஸ்க் பகுதியிலும் கடுமையாக மாசுபட்ட திட்டுகள் இருக்கின்றன, அதைவிட அருகில் இருக்கும் சில ஊர்கள் ஓரளவு தப்பித்துவிட்டன. யாரும் குடியிருக்கக் கூடாது என்று வரைபடத்தில் காம்பஸ் வைத்து 30 கிலோமீட்டர் வட்டம் போடுகிறோமே, மேகத்துக்கு அந்த வட்டம் தெரியாது.

சீசியத்தின் அரை ஆயுள் 30 வருஷம் என்கிறார்கள். அப்படியானால் 60 வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?
தென்காசி, பிளஸ் டூ மாணவி

இல்லை அம்மா. முதல் 30 வருஷத்தில் பாதி போகும், அடுத்த 30 வருஷத்தில் மிச்சம் இருக்கிற பாதியில் பாதி போகும். 60 வருஷம் கழித்தும் கால் பங்கு இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய பத்து அரை ஆயுள் ஆக வேண்டும், அதாவது 300 வருஷம். விபத்துக்கு நாற்பது வருஷம் என்று கணக்குப் போட்டுப் பார், அன்று விழுந்த சீசியம்-137 இல் ஏறக்குறைய 40 சதவீதம் அப்படியே இருக்கும்.

ஆனால் எல்லாத் தனிமத்துக்கும் ஒரே கணக்கு கிடையாது. அயோடின்-131க்கு அரை ஆயுள் எட்டே நாள், மூன்று மாதத்தில் காணாமல் போய்விடும். அந்தக் குறுகிய காலத்துக்குள்தான் அது பெரிய கேடு செய்தது. புல்லில் விழுந்து, மாட்டின் பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அன்று சிறுவர் சிறுமியராக இருந்தவர்களில் 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 2005 வரை தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது, அதில் கணிசமான பங்குக்குக் காரணம் அந்தப் பால். "இரண்டு மாதம் இந்தப் பாலைக் கொடுக்காதீர்கள்" என்று முதல் நாளே சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம். எனக்கு இந்த விபத்தில் ஆறாத விஷயம் இதுதான். உலைக்குப் பக்கத்திலேயே இருந்த பிரிப்யாத் நகரத்தின் 49,000 பேரையும் வெளியேற்றியதே வெடித்து ஒன்றரை நாள் கழித்து, அதுவும் மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லி.

இன்னொரு பக்கம் புளூட்டோனியம்-239, அரை ஆயுள் 24,000 வருஷம். அதோடு புளூட்டோனியம்-241 என்று ஒன்று உண்டு. அது 14 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகிறது, ஆனால் சிதையும்போது அமெரிசியம்-241 ஆக மாறுகிறது, அதற்கு அரை ஆயுள் 432 வருஷம். அதாவது உலையை ஒட்டிய மண்ணில் மற்றவை குறைந்துகொண்டு வர, அமெரிசியம் மட்டும் இன்னும் சில பத்தாண்டுகளுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். தேர்வில் இது வராது, தெரிந்து வைத்துக்கொள்.

இவ்வளவு தொழில்நுட்பம் இருக்கிறது, மாசுபட்ட மண்ணைக் கழுவியோ மருந்து தெளித்தோ கதிரியக்கத்தை எடுக்க முடியாதா?
தஞ்சாவூர் வாசகி

முடியாது. மிளகாய்த்தூள் தரையில் கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் முறத்துக்குப் போகும், கழுவினால் சாக்கடைக்குப் போகும், விசிறினால் பக்கத்து அறைக்குப் போகும். எங்கே போனாலும் அதன் காரம் போகாது. கதிரியக்க அணுவும் அப்படித்தான். தீயாலும் அமிலத்தாலும் அதை அழிக்க முடியாது, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றலாம், அல்லது தானாகச் சிதையும் வரை காத்திருக்கலாம். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி கிடையாது.

ஜப்பானியர் செய்தது முதல் வழி. 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் வந்து ஃபுகுஷிமா டாய்ச்சியின் மூன்று உலைகள் உருகிய பிறகு, வீடுகள், பள்ளிகள், வயல்கள் எல்லாவற்றிலும் மேல்மண்ணை ஐந்து சென்டிமீட்டர் போலச் சுரண்டி எடுத்தார்கள். ஏன் ஐந்து போதும் என்றால் சீசியம் களிமண்ணைப் பிடித்தால் லேசில் விடாது, ஆழத்துக்கு இறங்காமல் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கூரையைத் துடைத்தார்கள், மரப்பட்டையைச் சீவினார்கள், வாய்க்கால் வண்டலை வாரினார்கள். வாரியதையெல்லாம் ஒரு கன மீட்டர் பிடிக்கும் கறுப்பு மூட்டைகளில் கட்டி வயலோரத்திலும் பள்ளி மைதானத்திலும் அடுக்கினார்கள். பிறகு அவற்றை லாரி லாரியாக ஒகுமா, ஃபுதாபா என்ற இரண்டு ஊர்களில் உலையைச் சுற்றி அமைத்த இடைக்காலக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 1.4 கோடி கன மீட்டர் மண்!

வயல் மண்ணைப் பற்றித் தஞ்சாவூர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேலே உள்ள ஐந்து சென்டிமீட்டர்தான் தலைமுறை தலைமுறையாக எரு போட்டு, உழுது, பக்குவப்படுத்திய மண். அதை எடுத்துவிட்டு மலையை வெட்டிக் கொண்டுவந்த மண்ணைக் கொட்டினால் சீசியம் குறையும், அந்த வயல் பழைய வயலாக இருக்காது. சரி, அந்த மண்ணையெல்லாம் 2045க்குள் ஃபுகுஷிமா மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோய் இறுதியாகப் புதைப்போம் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். எந்த ஊர் வாங்கிக்கொள்ளும்? மாசு குறைந்த மண்ணைச் சாலைக் கரைகளுக்குப் பயன்படுத்தலாம் என்று அரசு சொல்கிறது, மக்கள் தயங்குவதால் 2025 ஜூலையில் பிரதமர் அலுவலக வளாகத்திலேயே சிறிது மண்ணைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார்கள். தங்கள் நிலத்தைக் கிடங்குக்குக் கொடுத்த ஒகுமா, ஃபுதாபா மக்கள்தான் இதில் அதிகம் இழந்தவர்கள். அவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்புறம், இத்தனையும் ஊருக்குள் மட்டும்தான். ஃபுகுஷிமா மாகாணத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் காடு. வீட்டை ஒட்டி 20 மீட்டர் வரை சருகு வாரினார்களே தவிர மலைக்காட்டை யாரும் சுரண்ட முடியாது, சுரண்டினால் மழையில் மலையே சரிந்து வந்துவிடும்.

அந்த மண்ணில் விளைந்ததைச் சாப்பிடலாமா? ஜப்பான் அரிசி, ஐரோப்பியப் பால் பவுடர் என்றாலே பயமாக இருக்கிறது.
கோயம்புத்தூர் வாசகி

உங்கள் பயம் புரிகிறது, ஆனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. அதற்குக் காரணம் ஃபுகுஷிமா விவசாயிகள்.

வேதியியல் குணத்தில் சீசியம் பொட்டாசியத்துக்குத் தம்பி மாதிரி. செடிக்குப் பொட்டாஷ் பஞ்சம் வந்தால் வேர் ஆள் தெரியாமல் சீசியத்தை உறிஞ்சிக்கொள்ளும். வயலில் பொட்டாஷ் உரம் தாராளமாக இருந்தால் சீசியம் உள்ளே வருவது வெகுவாகக் குறைந்துவிடும். பெலாரஸிலும் இதைத்தான் செய்தார்கள், ஃபுகுஷிமாவிலும் வருஷா வருஷம் செய்தார்கள். அதோடு நிற்காமல் 2012 அறுவடை முதல் மாகாணத்தில் விளைந்த அரிசி முழுவதையும், 30 கிலோ மூட்டை ஒவ்வொன்றாக, கருவியில் ஏற்றிச் சோதித்தார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடி மூட்டை. ஜப்பானின் வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்). முதல் வருஷம் அதைத் தாண்டியவை 71 மூட்டைகள், 2015 விளைச்சலிலிருந்து ஒன்றுகூட இல்லை. இத்தனைக்குப் பிறகும் "ஃபுகுஷிமா அரிசியா?" என்று கடையில் கீழே வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு, அதைக் கேட்டால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

காட்டுப் பொருள் வேறு. அங்கே பொட்டாஷ் போட ஆள் இல்லை, களிமண்ணும் குறைவு. சருகு விழுந்து மக்க, காளான் அதிலிருந்து சீசியத்தை எடுக்க, விலங்கு அதைத் தின்ன, மறுபடி மண்ணுக்கு வர என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஜெர்மனியின் பவேரியாவில் காட்டுப்பன்றிகள் மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானைத் தோண்டித் தின்னும், அதனால் அங்குள்ள 600 பெக்கரல் வரம்பை இன்றும் சில பன்றிகளின் இறைச்சி தாண்டுகிறது. அதிலும் ஒரு பங்கு செர்னோபிலுக்கும் முந்தைய அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து வந்தது என்று 2023இல் வந்த ஆய்வு காட்டியது. பிரிட்டனில் வேல்ஸ் மலைகளைக் கேளுங்கள். உலையிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், 1986 மே மாதம் பெய்த மழையால் சீசியம் இறங்கியது. புல்தரையில் களிமண் குறைவு, மக்கிய தழைமண்தான் அதிகம், ஆகவே சீசியம் புல்லுக்கும் ஆட்டுக்கும் போய்க்கொண்டே இருந்தது. ஆடுகளை விற்கத் தடை போட்டு, சில வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். கடைசிப் பட்டியின் தடை நீங்கியது 2012 ஜூனில்!

ஆனால் உடம்புக்குள் போன சீசியம் காலம் முழுக்கத் தங்காது, பெரியவர்களுக்கு மூன்று மாதம் போலப் பாதி வெளியேறிவிடும். மலை ஆடுகளைச் சுத்தமான மேய்ச்சலில் விட்டு, அளவு குறைந்த பிறகு விற்றதும் இதனால்தான். நார்வேயிலும் பெலாரஸிலும் மாடுகளுக்கு பிரஷ்யன் நீலம் என்ற நிறமியைக் கொடுத்தார்கள், அது குடலிலேயே சீசியத்தைப் பிடித்துச் சாணத்தோடு தள்ளிவிடும். ஸ்ட்ரான்சியத்துக்கு இந்த நல்ல குணம் இல்லை, கால்சியம் போல எலும்பில் போய் உட்கார்ந்துவிடும்.

செர்னோபிலில் ஓநாயும் காட்டுக்குதிரையும் பெருகிவிட்டன என்று படித்தேன். அப்படியானால் ஆபத்தே இல்லை என்றுதானே அர்த்தம்?
ஈரோடு வாசகர்

மனிதர் இல்லாததால் பெருகின, வேட்டையும் கலப்பையும் நின்றுபோனதால். 1998இல் கொண்டுவந்து விட்ட பிரெஷ்வால்ஸ்கி குதிரைகள் நன்றாகவே இருக்கின்றன. ஓநாய் நான்கைந்து வருஷம் வாழ்ந்து குட்டி போட்டால் அதன் இனம் நிற்கும், நாம் நம் பிள்ளைக்கு எழுபது வருஷம் எதிர்பார்க்கிறோம். அதோடு அந்தக் காட்டு மரங்களுக்குள்ளேயே சீசியம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் காடு எரிந்தபோது புகையோடு அதில் கொஞ்சம் மறுபடி காற்றில் ஏறியது.

எங்கள் மணவாளக்குறிச்சி மணலிலும் கதிர்வீச்சு உண்டு. நாங்களும் செர்னோபில் மக்கள் மாதிரிதானா?
நாகர்கோவில் வாசகர்

இரண்டும் வேறு. உங்கள் கரையில் இருப்பது மோனசைட் மணலில் உள்ள தோரியம், இயற்கையாகவே இருப்பது. அது கனிமத்துக்குள் இறுகிக் கிடக்கிறது, தண்ணீரில் கரைந்து புல்லுக்கும் பாலுக்கும் சீசியம் போல எளிதில் போகாது. இதே மணல் இருக்கும் கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல்லாயிரம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. மணலை வாரிப் பிரித்தெடுக்கும் இடத்துத் தூசி தனிக் கேள்வி, அங்கே வேலை செய்பவர்களுக்கு அளவெடுத்துச் சொல்ல வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

எனக்கு வயது 71. நீங்கள் அந்த ஊர்க்காரராக இருந்து, திரும்பலாம் என்று அரசு சொன்னால் போவீர்களா?
மதுரை வாசகர்

ஐயா, இந்தக் கேள்வியை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன்.

கைக்குழந்தை இருந்தால் போக மாட்டேன். உங்கள் வயதில் இருந்தால் அநேகமாகப் போவேன். ஃபுகுஷிமாவில் இடம்பெயர்ந்ததாலும் அதன் பின்விளைவுகளாலும் இறந்தவர்கள் என்று அரசே ஏற்றுக்கொண்டது 2,300 பேருக்கு மேல், பெரும்பாலும் முதியவர்கள். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து பேருந்தில் ஏற்றப்பட்டவர்கள், தற்காலிக வீட்டில் மனம் ஒடிந்தவர்கள். வெளியேறுவதும் ஆளைக் கொல்லும்.

ஆனால் போவதற்கு முன்னால் ஒன்று கேட்பேன். என் வீட்டு வாசலில் எவ்வளவு, கிணற்றில் எவ்வளவு, பின்கட்டில் எவ்வளவு என்று அளந்து என் கையில் கொடுங்கள். ஏன் கேட்கிறேன் என்றால், 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா உலைக்குப் பக்கத்தில் இருக்கும் நமியே ஊர் மக்கள் கடற்கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் தப்பி சுஷிமா என்ற மலைப்பகுதிக்குப் போனார்கள். காற்றும் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. மாசு எங்கே போகும் என்று கணிக்கும் ஸ்பீடி என்ற கணினி அமைப்பு அரசிடம் இருந்தது, அதன் கணிப்பு மக்களுக்கு வெளியானது மார்ச் 23இல். அதற்குள் 15ஆம் தேதி அந்த மலையில் மாசு இறங்கிவிட்டது. பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

செர்னோபில் வளையத்துக்குள்ளும் தடையை மீறி ஆயிரத்துச் சொச்சம் பேர் திரும்பினார்கள், பெரும்பாலும் வயதான பெண்கள். தங்கள் கொல்லையில் உருளைக்கிழங்கு போட்டு, கோழி வளர்த்து, அங்கேயே முதுமை கண்டார்கள். இன்று மிஞ்சியிருப்பவர்கள் வெகு சிலர். திரும்பாதவர்களும், ஈஸ்டர் முடிந்து முன்னோரை நினைக்கும் நாட்களில் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போய், தாய் தகப்பன் கல்லறையைச் சுத்தம் செய்து, ரொட்டியும் முட்டையும் வைத்து, சாயங்காலத்துக்குள் வெளியே வந்துவிடுவது பல வருஷம் வழக்கமாக இருந்தது.