ஆரம்பாக்கத்துப் பையனும் கப்பல் படிப்பும்

ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், 800 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் ஜெயித்தவன். தாய்மாமனோ கப்பல் படிப்பில்தான் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அதற்காக முக்கால் ஏக்கர் நிலத்தை விற்கலாமா?

ஐயா, விற்காதீர்கள். டி.என்.எஸ். என்கிற ஓராண்டுக் கப்பல் டிப்ளமோ முடிந்ததும் யாரும் அதிகாரி ஆகிவிடுவதில்லை. அதன்பிறகு கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, 18 மாதம் கடலில் பயிற்சி எடுக்க வேண்டும். அந்த இடத்தை உறுதிசெய்யும் கப்பல் நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் கடிதம் இல்லாமல் ஃபீஸ் கட்டினால், சான்றிதழோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான். வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் ஏஜென்டைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். மாலுமியிடம் அப்படி வாங்குவது சட்டவிரோதம். நிறக்குருடு சோதனையைப் பற்றி மாமா சொன்னாரா? அதில் தவறினால் டெக் பக்கம், அதாவது கப்பலைச் செலுத்தும் அதிகாரி வேலைக்கு, கதவு மூடிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் கடிதத்தில் பையனின் விருப்பம் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓடுகிற பையனைக் கப்பலில் ஏற்றினால் ஓட்டம் அன்றோடு சரி.

துறைமுகத்துக்கு வரும் கப்பலின் வேலைகளைக் கரையிலிருந்து கவனிக்கும் கப்பல் ஏஜென்சி அலுவலகம் என்று ஒன்று இருப்பதை யாரும் யோசிப்பதே இல்லை. உங்கள் ஊர் மின்ரயில் பாதையிலேயே அத்திப்பட்டும் எண்ணூரும் வருகின்றன. காமராஜர் துறைமுகத்தில் நிலக்கரி, காட்டுப்பள்ளியில் கன்டெய்னர், வடக்கே கிருஷ்ணப்பட்டினம். தமிழும் தெலுங்கும் தெரிந்த எல்லையூர்ப் பையனுக்கு இரண்டு பக்கமும் வேலை உண்டு.

அங்கே என்ன வேலை? கப்பல் வந்து 'தயார்' என்று நோட்டீஸ் கொடுத்த நேரம், கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் பைலட் ஏறியது, கயிறு கட்டியது, ஹாட்ச் எனும் சரக்கறை மூடி திறந்தது, மழைக்கு நிறுத்தியது என்று நிமிடம் பிசகாமல் 'ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ்' என்கிற நேரக் குறிப்பை எழுதி, கேப்டனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சரக்கு இறக்க 72 மணி நேரம் அனுமதி, 90 மணி ஆனது, டெமரேஜ், அதாவது தாமதத்துக்குக் கப்பல்காரருக்குக் கட்டும் தொகை, நாளுக்கு 12,000 டாலர் என்று வையுங்கள். மிஞ்சிய 18 மணிக்கு 9,000 டாலர். மழை நேரத்தைக் கழிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்து, 2 மணி மழையை எழுத மறந்தால் 1,000 டாலர் வீண்தண்டம். ஸ்டாப்வாட்சோடு வளர்ந்த பையனுக்கு இது பிடிபடும்.

பி.காமை மாலைக் கல்லூரியில் படிக்கட்டும். லண்டனில் 1911-ல் தொடங்கிய சார்ட்டர்ட் ஷிப்புரோக்கர்ஸ் நிறுவனம் கப்பல் வணிகத் தொழிலுக்கு நடத்தும் தேர்வுகளை வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். கட்டணம் பவுண்டில் என்பதால் முதல் வருஷமே கட்ட வேண்டாம். வேலை பிடித்திருக்கிறதா என்று தெரியட்டும். தொடக்கச் சம்பளம் குறைவுதான், மாமா சிரிப்பார்.

வேலையோடு ஓட்டம் நடக்குமா என்று கேட்பீர்கள். 1954-ல் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடிய ரோஜர் பானிஸ்டர் அப்போது மருத்துவ மாணவர். மதிய இடைவேளையில்தான் பயிற்சி. அமெச்சூர் காலத்தில் அதுதான் வழக்கம். ஆனால் கப்பலில் ஏறிப் பார்க்கும் போர்டிங் வேலையில் இரவு 2 மணிக்கும் கூப்பிடுவார்கள், விடியற்காலைப் பயிற்சி கெடும். அதனால் சேரும்போதே, முதல் இரண்டு வருஷம் அலுவலகத்தில் ஆவணம் பார்க்கும் டாக்குமென்டேஷன் மேசையில் போடச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அடுத்த ஏஜென்சியைப் பாருங்கள்.