தேர்தலில் தோற்ற வருடங்களில் சோறு எங்கிருந்து வரும்? நைஜீரிய அரசியலுக்குப் போக நினைக்கும் மகளின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

லாகோஸிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு 17 வயது. பள்ளியில் அறிவியல் பிரிவு. நீங்கள் அவளை டாக்டராகப் பார்க்க ஆசைப்பட்டீர்கள். அவளோ பீட்டர் ஓபியைப் போல அனம்ப்ரா மாநிலத்துக்கு ஆளுநராக வேண்டும் என்கிறாள். உங்கள் மனைவி அனம்ப்ராவைச் சேர்ந்த இக்போ பெண் என்பதால் அவருக்கு இந்தப் பேச்சு புதிதாகத் தெரியவில்லை. தூக்கம் கெட்டது உங்களுக்குத்தான்.

ஊரில் இருக்கும் உங்கள் தாயார், "ஆளுநர் பதவி டெல்லியில் பார்த்துக் கொடுப்பதுதானே, அதற்கு ஏன் இத்தனை கவலை" என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் சொல்லுங்கள். நைஜீரியாவில் ஆளுநரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதலமைச்சர் செய்கிற வேலைதான் அவருடையது. நான்கு ஆண்டுப் பதவிக்காலம், ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு முறை, 36 மாநிலங்களுக்கு 36 பேர்.

உங்கள் பயத்தை வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். 2003 ஜூலையில் அதே அனம்ப்ராவில், பதவியில் இருந்த ஆளுநர் கிறிஸ் இங்கிகேயையே போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவரைப் பதவிக்குக் கொண்டுவந்த அரசியல் புரவலரோடு வந்த தகராறுதான் காரணம். 2006-இல் லாகோஸ் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட முயன்ற ஃபன்ஷோ வில்லியம்ஸ் கொல்லப்பட்டார். இதையெல்லாம் மறைத்துவிட்டு மகளை அனுப்புங்கள் என்று சொன்னால் நான் ஆலோசகர் ஆக மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் கடைசியாக, அவ்வளவு அழுத்தம் கொடுக்காமல் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள்: "ஜெயித்தால் சரி, தோற்றால் இவள் சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்?" நான் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். உங்கள் மகள் கொண்டாடும் மனிதரின் வாழ்க்கையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

ஓபி 1961-இல் ஓனிட்சாவில் பிறந்தவர். ஓனிட்சா பெரும் சந்தை ஊர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்சுக்காவிலுள்ள நைஜீரியப் பல்கலைக்கழகத்தில் 1984-இல் தத்துவத்தில் பட்டம் பெற்றார். பிறகு வணிகம், இறக்குமதி, ஒரு வங்கியின் தலைவர் பதவி வரைக்கும் போனார். அரசியல் வந்தது அதற்குப் பிறகு. 2003 ஏப்ரலில் அப்கா (APGA) கட்சி வேட்பாளராக ஆளுநர் தேர்தலில் நின்றார். அப்போது அவருக்கு வயது 41. தேர்தல் ஆணையம் வெற்றி பெற்றவராக அறிவித்தது இங்கிகேயை. ஓபி தேர்தல் தீர்ப்பாயத்துக்குப் போனார். அங்கே 2005 ஆகஸ்டில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006 மார்ச் 15 அன்று அதை உறுதி செய்தது. இரண்டு நாள் கழித்துப் பதவியேற்றார். ஓட்டுப் போட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்.

அதோடு முடிந்ததா? அதே ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி மாநிலச் சட்டமன்றம் அவரைப் பதவிநீக்கம் செய்தது. மறுபடியும் நீதிமன்றப் படி. 2007 பிப்ரவரியில் பதவி திரும்பக் கிடைத்தது. ஏப்ரலில் புதிய தேர்தல் நடந்து, மே 29 அன்று வேறொருவர் ஆளுநராகப் பதவியேற்றுவிட்டார். ஓபி உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்: எனக்குரிய நான்கு ஆண்டுகள் நான் பதவியேற்ற நாளில் தொடங்குகின்றன, தேர்தல் நடந்த நாளில் அல்ல. 2007 ஜூன் 14 அன்று நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. புதிய ஆளுநர் 17 நாளில் வீட்டுக்குப் போனார். பெரும்பாலான மாநிலங்களோடு சேராமல் அனம்ப்ராவுக்கு ஆளுநர் தேர்தல் தனியாக நடக்கிறதே, அந்த வழக்கம் இந்தத் தீர்ப்பில் பிறந்தது. 2010-இல் மீண்டும் வென்று 2014 மார்ச் வரை ஆண்டார்.

இந்தக் கதையை மேடையில் சொல்பவர்கள் விடாமுயற்சி என்பார்கள். நான் பார்ப்பது வேறு. தீர்ப்புக்காகக் காத்திருந்த அந்த மூன்று ஆண்டுகளில் ஆளுநர் சம்பளம் அவருக்கு இல்லை. ஆனால் வணிகம் இருந்தது. வக்கீலுக்குக் கொடுக்கவும், குடும்பத்தை நடத்தவும், சமரசத்துக்கு வந்தவர்களிடம் "வேண்டாம்" என்று சொல்லவும் ஒருவருக்குச் சொந்தக் காலில் நிற்கும் வருமானம் வேண்டும். அது இல்லாதவர் முதல் ஆண்டிலேயே யாரோ ஒரு புரவலரின் வாசலில் போய் நின்றிருப்பார். அங்கே ஒரு முறை நின்றவருக்கு என்ன நடக்கும் என்பதற்கு இங்கிகேயின் 2003 ஜூலையே சாட்சி.

இன்னொரு அனம்ப்ராக்காரரையும் மகளிடம் சொல்லுங்கள். சார்லஸ் சொலுடோ, பொருளியல் பேராசிரியர், 2004 முதல் 2009 வரை நைஜீரிய மத்திய வங்கியின் ஆளுநர். 2010-இல் ஓபியை எதிர்த்து மாநில ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். அவர் வென்றது 2021 நவம்பரில். நடுவில் 11 ஆண்டுகள்! பொருளியல் என்ற தொழில் அந்த 11 ஆண்டுகளும் அவர் கையில் இருந்தது.

வென்ற பிறகும் நிலைமை உறுதி இல்லை. லாகோஸில் நீங்களே கண்ணால் பார்த்திருப்பீர்கள். அம்போடே 2015-இல் ஆளுநரானார். ஒரு முறைதான் ஆண்டார். இரண்டாம் முறைக்கு 2018-இல் அவருடைய சொந்தக் கட்சியே உட்கட்சித் தேர்தலில் அவரைத் தோற்கடித்து சான்வோ-ஒலுவுக்கு டிக்கெட் கொடுத்தது. மக்களிடம் போய்த் தோற்கிற வாய்ப்புகூட அவருக்குக் கிடைக்கவில்லை. நைஜீரியாவில் சுயேச்சையாக நிற்கவும் வழியில்லை. அரசியல் சட்டமே கட்சியின் ஆதரவைக் கேட்கிறது. ஆகவே டிக்கெட்தான் எல்லாம். 2023 தேர்தலுக்கு, நாட்டை ஆண்ட ஏபிசி (APC) கட்சி ஆளுநர் வேட்பாளர் மனுவுக்கு வைத்த விலை 5 கோடி நைரா. அப்போது நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 நைரா. அந்தச் சம்பளக்காரர் ஒரு நைரா செலவழிக்காமல் சேர்த்தாலும் மனுவை வாங்க ஏறத்தாழ 139 ஆண்டுகள் ஆகும். பெண்களுக்குச் சில கட்சிகள் மனுக்கட்டணத்தில் சலுகை தருகின்றன. அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட முடியாது.

எனவே ஐயா, நீங்கள் போட வேண்டிய நிபந்தனை ஒன்றே ஒன்று. "அரசியலுக்குப் போகாதே" என்று சொல்லாதீர்கள். "முதலில் ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொள்" என்று சொல்லுங்கள். பதவி போன மறுநாள் காலையில் அவள் திரும்பிப் போக ஓர் அலுவலகம், ஒரு கடை, ஒரு வகுப்பறை இருக்க வேண்டும்.

என்ன படிப்பது என்பதில் வீட்டில் சண்டை வேண்டாம். அரசியல் அறிவியல் படித்தால்தான் அரசியல் என்ற எண்ணத்தை விடுங்கள். ஓபி படித்தது தத்துவம். லாகோஸை 2007 முதல் 2015 வரை ஆண்ட ஃபஷோலா வழக்கறிஞர். கடுனாவை ஆண்ட எல்-ருஃபாய் கட்டட அளவைக் கணக்கீடு படித்தவர். போர்னோவின் சுலும் வேளாண் பொறியியல் பேராசிரியர். மகள் அறிவியல் பிரிவில் இருக்கிறாள். சட்டம் படிக்க வேண்டுமென்றால் பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கில இலக்கியத்தில் கிரெடிட் என்ற நல்ல தேர்ச்சி வேண்டும், ஜாம்ப் நுழைவுத் தேர்விலும் அந்தப் பாடத்தை எடுக்க வேண்டும். அவள் அதைப் படிக்கவில்லையென்றால் தனித்தேர்வராக எழுதலாம், ஆனால் அது கூடுதல் சுமை. கணக்கில் கெட்டிக்காரி என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பொறியியல், பொருளியல், கணக்கியல் மூன்றில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். அவளுக்கே மருத்துவத்தில் ஈடுபாடு இருந்தால் அதுவும் நல்ல தொழில்தான். அப்பாவைச் சமாதானப்படுத்த மட்டும் எடுக்கக் கூடாது.

காலக்கணக்கும் போட்டுப் பார்த்தேன். சட்டம் என்றால் ஐந்தாண்டு, சட்டப் பள்ளி ஓராண்டு, பட்டதாரிகள் செய்ய வேண்டிய தேசிய இளைஞர் சேவை ஓராண்டு. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் ஆசிரியர் சங்க வேலைநிறுத்தத்துக்கும் சேர்த்து ஓராண்டு ஒதுக்குங்கள். 2022-இல் எட்டு மாதம் வகுப்பே நடக்கவில்லை. அவள் வெளியே வரும்போது 26 வயது ஆகியிருக்கும். மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட 25 போதும், 2018-இல் அந்த வயதை 30-இலிருந்து குறைத்துவிட்டார்கள். ஆளுநருக்கு 35. ஆக, அவசரப்பட ஒன்றுமில்லை.

இனி எழுதுவதை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அம்மா, உன் கனவைப் பற்றி அப்பா எழுதியபோது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நைஜீரியாவில் 2023 தேர்தல் வரை ஒரு பெண்கூட தேர்தலில் வென்று ஆளுநராகவில்லை. ஆனால் உன் அம்மாவின் மாநிலத்தில் ஒரு பெண் ஆளுநராக இருந்திருக்கிறார். ஓபி பதவிநீக்கம் செய்யப்பட்டபோது துணை ஆளுநர் வர்ஜினியா எட்டியாபா மூன்று மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நீதிமன்றம் சொன்னதும் திருப்பிக் கொடுத்தார். நாட்டின் முதல் பெண் ஆளுநர் அவர்தான். பதவிக்கு வருமுன் பல்லாண்டு பள்ளி ஆசிரியை. அவரைப் பற்றியும் படி.

ஓபியைக் கொண்டாடு, ஆனால் முழுதாகப் பார். 2021-இல், வெளிநாடுகளில் ரகசியமாக வைத்த சொத்துகளைக் காட்டிய பண்டோரா ஆவணங்கள் வெளிவந்தபோது அவர் பெயரும் வந்தது. குடும்பத்தோடு சேர்ந்து வைத்திருந்த வெளிநாட்டு நிறுவனத்தை ஏன் சொத்துக் கணக்கில் காட்டவில்லை என்று கேட்டார்கள். கூட்டாக வைத்திருப்பதைக் காட்ட வேண்டும் என்று தெரியாது என்றார். 2023 ஜனாதிபதித் தேர்தலில் 61 லட்சம் ஓட்டு வாங்கி, அந்தத் தேர்தலில் வென்ற டினுபுவின் கோட்டையான லாகோஸிலேயே அவரை முந்தியவர், இந்த ஒரு கேள்விக்குத் திணறினார். சொந்தத் தொழில் வேண்டும் என்று மேலே சொன்னேனே, அந்தத் தொழிலின் கணக்குப் புத்தகம் என்றைக்கும் பிறர் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

உன்னிடம் சிலர் கேட்கப்போகும் கேள்வி, "உன் அப்பாவின் கிராமம் எது?" அனம்ப்ராவில் வழக்கத்தில் ஊர் என்பது தந்தை வழி. ஆனால் அரசியல் சட்டம் தாயையும் கணக்கில் எடுக்கிறது. பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியில் ஒருவரோ அந்த மாநிலத்துப் பூர்வ சமூகத்தவராக இருந்தாலே நீ அந்த மாநிலத்துக்காரி. அம்மா வழியில் நீ பிறப்பால் நைஜீரியக் குடிமகள், ஆளுநர் பதவிக்கு அது கட்டாயம். அம்மாவின் உள்ளாட்சி அலுவலகத்தில் பூர்விகச் சான்றிதழை இப்போதே வாங்கி வை. பள்ளி விடுமுறையில் அந்தக் கிராமத்துக்குப் போ, இக்போ மொழியைத் தடுமாறாமல் பேசு. சட்டம் கொடுக்கும் உரிமையை அந்த ஊர்க்காரர்கள் மனதாரக் கொடுக்க வேண்டுமென்றால் அவர்களுக்கு உன் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. நைஜீரியச் சட்டத்திலும் வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றவரின் தகுதி பற்றி ஒரு விதி இருக்கிறது. உன் கனவு உறுதியானால் நைஜீரிய பாஸ்போர்ட்டோடு நில். பாட்டியைப் பார்க்க வந்துபோக, இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை போதும். அது குடியுரிமை ஆகாது. இருந்தாலும் அதை எடுக்குமுன் லாகோஸில் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது, சின்னதாகத் தெரியும் ஆனால் என் மேசையில் நான் தினமும் பார்க்கும் விஷயம்: பெயர். பயெல்சா மாநிலத்தில் டேவிட் லையன் 2019 நவம்பரில் ஆளுநர் தேர்தலில் வென்று, 2020 பிப்ரவரி 14 அன்று பதவியேற்க இருந்தார். முதல் நாள், பிப்ரவரி 13 அன்று, உச்ச நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது. காரணம் அவர்கூட இல்லை, அவருடைய துணை ஆளுநர் வேட்பாளர். அவருடைய சான்றிதழ்களில் பள்ளிக்கு ஒரு பெயர், தேர்வுக்கு ஒரு பெயர், பட்டத்துக்கு ஒரு பெயர். ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரங்கள் இருந்தும் நீதிபதிகள் திருப்தியடையவில்லை.

அப்பா அனுப்பிய உன் ஆவணங்களின் நகல்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழில் உன் பெயரும் முன்னெழுத்தும் மட்டும் இருக்கின்றன. ஆரம்பப் பள்ளியில் அந்த முன்னெழுத்தை விரித்து அப்பா பெயரைக் கடைசியில் போட்டிருக்கிறார்கள். இப்போதைய பள்ளியில் அப்பா பெயர் முதலில் வந்து, நடுவில் உன் இக்போ பெயர் நுழைந்திருக்கிறது. அதிலும் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. தமிழ் வீடுகளில் இது எல்லோருக்கும் நடப்பதுதான், யாரும் கவலைப்படுவதில்லை. நீ கவலைப்பட வேண்டும்.

அடுத்து, படிப்பு முடிந்து இளைஞர் சேவைக்குப் போகும் ஆண்டில் தேர்தல் வந்தால் தேர்தல் பணிக்குப் பெயர் கொடு. சேவையில் இருக்கும் பட்டதாரிகளைத்தான் ஆணையம் வாக்குச்சாவடிகளில் பெருமளவு அமர்த்துகிறது. எண்ணி முடித்ததும் முடிவுத்தாளில் எண்களை எழுதி, கையெழுத்துப் போட்டு, முகவர்களுக்கு ஒவ்வொரு நகலாகக் கொடுக்கிறார்களே, அந்தத் தாளை உன் கையால் நிரப்பிப் பார். தேர்தல் வழக்கு எதுவானாலும் அந்தத் தாளில் வந்துதான் நிற்கும்.

ஐயா, மீண்டும் உங்களுக்கு. பள்ளி இறுதித் தேர்வுக்குப் பதிவு செய்யும் படிவம் வருமுன் மூவரும் உட்கார்ந்து ஒரே பெயரை, ஒரே எழுத்துக்கூட்டலில், முடிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழைத் திருத்துவது முதல் வேலை, பாஸ்போர்ட் அடுத்தது, பள்ளிப் பதிவேடு மூன்றாவது. தேர்வுப் பதிவில் ஏறிய பிறகு மாற்றுவது பெரும்பாடு. திருத்திய பிறப்புச் சான்றிதழின் நகலை எனக்கு அனுப்புங்கள், ஜாம்ப் பாடத் தேர்வை அதன் பிறகு பேசுவோம்.